அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்து

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு மார்பில் வந்திருப்பது புற்றுக்கட்டிதான் என்று உறுதியாகிவிட்டால், வீட்டில் அடுத்து எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "அடையாறுக்குப் போயிடலாமா?" அடையாறு என்றால் ஆறும் இல்லை, ஆலமரமும் இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இப்போது வைத்திய வசதிகள் வந்துவிட்டன. ஆனாலும் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, கையில் பிளாஸ்டிக் கோப்புடன் அங்கே வரிசையில் நிற்கும் டெல்டாக் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. அந்தக் கோப்பில் 'கேன்சர் இன்ஸ்டிடியூட்' என்ற பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும்.

என் தேடல் அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கியது. அதன் விரிவைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன், அதாவது இந்திய மாதர் சங்கம். 1917 மே 8 அன்று அடையாறில் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸும் டாரதி ஜினராஜதாசாவும் முன்னின்று நடத்தினார்கள். அன்னி பெசன்ட் தலைவர். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியா வந்திருந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட தூதுக்குழுவின் பின்னணியில் இருந்ததும் இந்த வட்டம்தான். 1921-இல் சென்னை மாகாணப் பெண்களுக்கு, சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும், அந்த உரிமை கிடைத்தது.

புதிர் இதற்கப்பால் இருக்கிறது. ஓட்டுக் கேட்கப் பிறந்த சங்கம் எதற்காகப் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டியது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. சங்கத்தின் முக்கியப் புள்ளியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தில் அக்கா ஆஸ்பத்திரி கட்டினார். விழா மலர்களிலும் நினைவுநாள் கட்டுரைகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இப்படித்தான் வரும். பொய்யில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இடிக்கிறது. தங்கை இறந்தது 1923. சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது 1949. அடிக்கல் நாட்டியது 1952 அக்டோபர் 10. ஆஸ்பத்திரி திறந்தது 1954 ஜூன் 18. சாவுக்கும் நிதிக்கும் நடுவே 26 ஆண்டுகள். ஓர் அக்காவின் துக்கத்தை மட்டும் வைத்து இவ்வளவு நீண்ட இடைவெளிக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அந்த 26 ஆண்டுகளைத்தான் நான் தேடினேன்.

இப்படிப்பட்ட தேடலில் முதலில் கேட்க வேண்டியது, காகிதம் எங்கே கிடக்கிறது என்பது. மாதர் சங்கம் 'ஸ்திரீ தர்மா' என்று ஓர் இதழ் நடத்தியது. 1918-இல் தொடங்கிய அந்த இதழுக்கு 1930-களில் முத்துலட்சுமியே ஆசிரியராக இருந்தார். நல்ல சாட்சி, ஆனால் 1936-இல் நின்றுபோனது. நிதி பிறந்த 1949-ஐப் பற்றி அதனால் வாய் திறக்க முடியாது. சட்டசபையில் அவர் பேசியதெல்லாம் மாகாண மேலவை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. அவரே எழுதிய இரண்டு புத்தகங்கள் உண்டு: சட்டசபை அனுபவங்களைச் சொல்லும் நூல் 1930-இல் வந்தது, சுயசரிதை 1964-இல். கடிதங்களும் குறிப்புகளும் கொண்ட அவருடைய தனித் தாள்கள் சென்னையிலும் இல்லை, புதுக்கோட்டையிலும் இல்லை. டில்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் இருக்கின்றன. தீன்மூர்த்தி, நேரு பிரதமராக வாழ்ந்த வீடு. 1952-இல் அடையாறு ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியவரும் அவர்தான். தாள்கள் ஏதோ வழியறிந்து அங்கே போய்ச் சேர்ந்ததுபோல இருக்கிறது.

டெல்டாக் கிராமங்களில் முத்துலட்சுமியின் பெயர் தெரியாத பெண் இல்லை. ஆனால் தெரிந்த காரணம் வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது நிரப்புகிற படிவத்தின் பெயர் அது: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். அதேபோல, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்றால் திருமண உதவித் திட்டம், இப்போது கல்லூரிப் பெண்களுக்கான மாதப் பணம். ஒருவர் புதுக்கோட்டைக்காரர், மற்றவர் மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர். இருவருமே தேவதாசி முறைக்கு எதிராக நின்றவர்கள். அரசாங்கம் இருவரையும் படிவமாக்கி வைத்திருக்கிறது. படிவத்தைத் தாண்டிப் போனால்தான் ஆள் தெரிவார்.

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரச் சொச்சம். வயல் குறைந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ராஜ்ஜியமும் மாறியிருக்கிறது: தஞ்சை வெள்ளைக்கார ஜில்லா, புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். முத்துலட்சுமி அங்கே 1886 ஜூலை 30-இல் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். 1904-இல் அந்தப் பெண் அதே கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா, அதிலும் இந்தத் தாயின் மகளா என்று எதிர்ப்புக் கிளம்பியது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பட்டம். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். (ஜெமினி கணேசன் இந்தக் குடும்பத்துப் பையன், இந்த அத்தையின் வீட்டில் இருந்தவர் என்பது சினிமாக்காரர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. நம் தேடலுக்கு அதில் உபயோகமில்லை.)

தங்கையின் சாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1925-இல், மேல்படிப்புக்காக இங்கிலாந்து போகிறார். படித்த இடம் லண்டனில் செல்சி பெண்கள் மருத்துவமனை. இந்தத் தகவலைப் பல கட்டுரைகளில் படித்துக் கடந்திருந்தேன். லண்டன் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. செல்சி பெண்கள் மருத்துவமனை இருந்த தெரு, ஃபுல்ஹாம் சாலையை ஒட்டியது. அதே சாலையில், நடந்துபோகிற தூரத்தில், புற்றுநோய்க்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி நிற்கிறது. இன்று ராயல் மார்ஸ்டன் என்று பெயர். வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் 1851-இல் தொடங்கியது. அவர் மனைவி புற்றுநோயில் இறந்தது 1846-இல். தன் தொழில் கைகொடுக்கவில்லை என்று கண்ட மருத்துவர், ஏழைகளுக்கு இலவசமாகப் புற்றுநோயைப் பார்க்கவும் அதே சமயம் நோயை ஆராயவும் ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தார். வைத்தியமும் ஆராய்ச்சியும் ஒரே கூரையில், பணம் இல்லாதவருக்குக் கதவு திறந்து. பிற்பாடு அடையாறில் எழுந்தது இதே ஏற்பாடுதான்.

ஆக, யோசனை 1925-26-லேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. பிறகு ஏன் இத்தனை தாமதம்?

1926-இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் மாதர் சங்கம் அவர் பெயரை முன்வைக்க, சென்னை மாகாண மேலவைக்கு நியமிக்கப்பட்டார். துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அவரை நாடறியச் செய்தது, நாடெங்கும் எதிரிகளையும் தேடித் தந்தது.

எதிர்த்தவர்களில் ஒருவர் நம் காவிரிக்கரையில் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்குச் செய்தவர். முத்துலட்சுமி கொண்டுவந்தது தேவதாசிகளின் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்தே அழிக்கிற மசோதா என்பது அவர் தரப்பு. மூவலூர் இராமாமிர்தம் நேர் எதிர்ப்பக்கம். இந்த மூன்று பெண்களில் யார் சரி என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான்: மனு எழுதுவது, தூது போவது, கையெழுத்து வாங்குவது, பத்திரிகைக்குப் பதில் கொடுப்பது, சங்கம் கூட்டித் தீர்மானம் போடுவது என்று மூன்று பேருமே பொதுக்காரியத்தின் கைவேலையைக் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

1930-இல் காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை உதறினார். ராஜாஜியின் ஆட்கள் திருச்சியிலிருந்து தஞ்சை ஜில்லா வழியாக நடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய அதே நாட்கள். மசோதா அந்தரத்தில் நின்றது. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்ததால் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் ஔவை இல்லம் ஆயிற்று.

இனி புற்றுநோய். 1930-களில் மார்பில் கட்டியோடு ஒரு கும்பகோணத்துப் பெண் எங்கே போயிருப்பாள்? மாகாணத்தின் பெரிய பதில் சென்னைப் பொது மருத்துவமனையில் இருந்தது. அங்கே பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. தெற்கே திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வாய்ப்புற்றுக்குப் பேர் வாங்கியிருந்தது; வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவைத் திருவிதாங்கூர் நோயாளிகளை வைத்து எழுதிய ஆய்வு 1933-இல் லண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் வந்தது. கும்பகோணம் வெற்றிலைக்கும் வேதாரண்யம் புகையிலைக்கும் நடுவில் வாழ்கிற நாம் அதை அப்போதே படித்திருக்கலாம். பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை வந்தது 1941-இல். தெற்கில் புற்றுநோய்க்கென்று முழுதாக ஓர் ஆஸ்பத்திரி இல்லை.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூறு வயது. அந்த விழாவில்தான் முத்துலட்சுமி புற்றுநோயாளிகளுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்னார். 26 ஆண்டு இடைவெளியில் ஏறக்குறையப் பாதி அது. சொல்லியாயிற்று. பிறகு மறுபடி 14 ஆண்டு மௌனம்.

இந்த இரண்டாவது மௌனம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. விடை, கடைசியில், வேறொரு கோப்பிலிருந்து வந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது எப்போது? 1947. முத்துலட்சுமி முதலில் அதை எழுப்பி ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து. புற்றுநோய் நிதி தொடங்குவது அதற்கு இரண்டே ஆண்டு கழித்து. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது: முதல் வேலை முடிந்தது, சங்கத்துக்கு அடுத்த வேலை கொடுத்தார். இதை அவர் இந்த வார்த்தைகளில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாழ்க்கை முழுக்க ஒரே முறையில் காரியம் செய்த பெண்மணி. ஆஸ்பத்திரியைத் தன் பெயரிலோ தங்கை பெயரிலோ தொடங்காமல், தனக்கு அரசியல் கற்றுக்கொடுத்த சங்கத்தின் பெயரில் தொடங்கினார். மூன்று எழுத்து அங்கே வந்தது அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது வீட்டுக்குள் இருந்தது. கட்டடம் கட்டினால் உள்ளே உட்கார்ந்து வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும். மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு போய்ப் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்தார். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்த மருத்துவர் அன்றைய இந்தியாவில் அபூர்வம்.

அரசாங்கத்தின் எதிர்வினை பற்றி, பிற்பாடு அந்த ஆஸ்பத்திரியிலேயே வாழ்நாளைக் கழித்த டாக்டர் வி. சாந்தா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முத்துலட்சுமி உதவி கேட்டுப் போனபோது, புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தான் போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற தோரணையில் அமைச்சரிடமிருந்து பதில் வந்ததாம். கொடூரமாகக் கேட்கிறது. ஆனால் அன்றைக்குப் பரவலாக நம்பப்பட்டது அதுதான். இன்றும் எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் இதே வாதம் தன்மையான குரலில் நடக்கும். "அந்த வியாதிக்குச் செலவு பண்ணி என்ன ஆகப் போவுது, இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும்" என்பார்கள். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. நிலத்தை அடமானம் வைத்துத் தோற்றவர்களைப் பார்த்தவர்.

ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு, சிறிய கட்டடத்தில், கொஞ்சம் கருவிகளோடு தொடங்கியது. 1955 ஏப்ரல் 13-இல் சாந்தா வளாகத்துக்குள் குடிவந்தார். மகப்பேறு மருத்துவம் படித்தவர். அரசுப் பணித் தேர்வில் ஜெயித்து எழும்பூர் மருத்துவமனையில் வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தவர்கள் அதிகம். மூன்று ஆண்டு கௌரவ ஊழியம். அதன்பின் மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க இடமும். 2021 ஜனவரி 19-இல் இறக்கும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. 1960-இல் குழந்தைகளுக்குத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு, பிறகு ஆராய்ச்சிக் கூடம், சிறப்பு மருத்துவப் படிப்பு என்று நிலையம் வளர்ந்த கதையை யாரும் எங்கும் படித்துக்கொள்ளலாம். அங்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ வைத்தியம் பெறுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

சகோதரியின் சாவிலிருந்து பிறந்த இன்னொரு தர்ம ஸ்தாபனத்தை உலகமே அறியும். அமெரிக்காவில் சூசன் கோமன் என்ற பெண் மார்பகப் புற்றுநோயில் 1980-இல் இறந்தார். தங்கை நான்சி பிரிங்கர் 1982-இல் டல்லாஸில் அக்கா பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். இரண்டே ஆண்டு. 1990-களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு ரிப்பனும் வந்து சேர்ந்தது. இன்று அக்டோபர் மாதமானால் தஞ்சாவூர்க் கல்லூரிகளிலும் பிங்க் பலூன் கட்டி ஊர்வலம் போகிறார்கள். நல்ல காரியம், போகட்டும். ஆனால் கோமன் வழி துக்கத்தை நேராக நிதியாக மாற்றும் வழி. அதற்குப் பணக்கார நாடும் விளம்பரமும் பெரிய கம்பெனிகளும் வேண்டும். அடையாறு வழி அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. முதலில் ஓட்டு, பிறகு சட்டசபை, பிறகு சட்டம், கடைசியில் ஆஸ்பத்திரி. என்னைக் கேட்டால் அக்டோபர் ஊர்வலத்தில் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இரண்டாவதுதான். ரிப்பனை விட அதில் செய்வதற்கு வேலை அதிகம்.

மார்பகப் புற்றுநோய் அடையாறின் கதையில் முதலிடம் பிடித்தது பிற்பாடுதான். இதைச் சொல்லக்கூடிய காகிதம் ஒன்று இருக்கிறது, இந்தத் தேடலில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: புற்றுநோய்ப் பதிவேடு. 1981-இல் அடையாறு நிலையம் சென்னை நகரத்துக்கு மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேட்டைத் தொடங்கியது. பதிவாளர்கள் மேஜையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோட்டுகளைப் புரட்டினார்கள், பரிசோதனைக் கூடங்களின் அறிக்கைகளை எடுத்தார்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரே பெண் மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று விதமாகப் பெயர் கொடுத்திருப்பாள்: ஓரிடத்தில் அப்பா இனிஷியல், ஓரிடத்தில் புருஷன் இனிஷியல், வயதும் ஐந்து முன்னே பின்னே. அவளை ஒருத்தி என்று கண்டுபிடித்து ஒரே வரியாக்க வேண்டும். என்னைவிடத் தேர்ந்த துப்பறிவாளர்கள்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் வைத்தியக் குறிப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும். நோயாளி யார், எந்தக் கண், என்ன கோளாறு, என்ன செய்தோம், பிறகு எப்படி இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் தாள் எழுதி, சிலவற்றில் கண்ணை வரைந்தும் வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் இருநூறு ஆண்டுக்கு முன்பு ஓர் அரசர் அதைச் செய்ய முடிந்தது. ஒரு மாநிலம் முழுவதும் புற்றுநோய்க்கு அப்படிச் செய்ய 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் அடையாறு நிலையம் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் எல்லா மாவட்டங்களும் சேர்ந்தன.

1980-களின் சென்னைப் பதிவேட்டில் பெண்களுக்கு வரும் புற்றுகளில் கருப்பைவாய்ப் புற்று முதலிடம், மார்பகம் இரண்டாமிடம். வரிசை மெல்ல மாறி, இந்த நூற்றாண்டில் மார்பகம் முன்னால் வந்துவிட்டது. தேசியப் பதிவேட்டின் 2020 அறிக்கைப்படி, வயதுக்கு ஏற்பச் சீர்செய்த கணக்கில், சென்னையில் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 42.2 பேருக்கு மார்பகப் புற்றுநோய், ஹைதராபாத்தில் 48. தாமதமான முதல் குழந்தை, குறைவான பிள்ளைகள், உடல் எடை, நீண்டுபோன ஆயுள் என்று காரணங்கள் பலவாகச் சொல்லப்படுகின்றன. கருப்பைவாய்ப் புற்று குறைந்ததில் முத்துலட்சுமி தலைமுறையின் கைவண்ணமும் இருக்கிறது. பிந்திய திருமணம், குறைந்த பிரசவம், மேம்பட்ட சுகாதாரம் எல்லாம் அவர்கள் போராடிய விஷயங்கள்.

வந்த நோயாளிகள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதற்கும் காகிதம் இருக்கிறது. 1990-க்கும் 1999-க்கும் இடையில் அடையாறில் வைத்தியம் பார்த்த 1,117 பெண்களைப் பற்றி சாந்தாவும் சகாக்களும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அத்தனை பேருக்கும் நோய் மார்பிலும் சுற்றுப்புறத்திலும் முற்றிய நிலை: கட்டி பெரிதாகி, தோலையோ மார்புச் சுவரையோ தொட்டு, அல்லது அக்குளில் நெறிகட்டி. எடுத்தவுடன் கத்தி வைக்க முடியாது. முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, எங்கள் பேச்சில் சொன்னால் மருந்து ஏற்றிக் கரண்ட் வைத்து, கட்டியைச் சுருக்கிப் பிறகு அறுவை என்பது அடையாறு கைக்கொண்ட முறை. முற்றிவந்த நோயாளிகளே முறையை உருவாக்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அவர்கள் ஏன் முற்றி வந்தார்கள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அது தெரியும். வலிக்காத கட்டியைக் கட்டியாகவே எண்ணாத பழக்கம். புருஷனிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும், பெண்ணுக்குத் தாலி ஏறட்டும். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டு முழுக்கப் பயிர் வரிசை கட்டி நிற்கும் ஊரில் 'அப்புறம்' என்பதற்கு முடிவே கிடையாது. மேட்டூர் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதுபோல், வைத்தியமும் கடைசியாகத்தான் அவர்களை எட்டும்.

கடைசித் தடயம் சென்னையிலும் இல்லை, டில்லியிலும் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. 2007-இல் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், கருப்பைவாய்ப் புற்றுக்கான மக்கள் பரிசோதனையை முன்னோட்டமாக நடத்த இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று தேனி. மற்றொன்று தஞ்சாவூர். 30 முதல் 60 வயதுவரையிலான பெண்கள், ஆரம்ப சுகாதார நிலையம், பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலம், நல்ல வெளிச்சம். பெரிய யந்திரம் எதுவும் இல்லை. 2010 வரை நடந்த அந்த முன்னோட்டம் பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தபோது, ரத்த அழுத்தம், சர்க்கரையோடு மார்பகப் பரிசோதனையும் அதில் சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதே வேலையை வாசற்படிவரை கொண்டுவந்தது. சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்ட அரசாங்கம், சாகுமுன் கண்டுபிடிக்க வீட்டுக்கே ஆள் அனுப்புகிறது. இதற்கு முத்துலட்சுமி எழுதிய மனுக்களில் எத்தனை பங்கு என்று நிறுக்க முடியாது. ஆனால் கோரிக்கை அவருடையதுதான்.

செவிலியர் கையால் தடவிப் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மும்பையிலிருந்து பதில் வந்திருக்கிறது. டாடா நினைவு மையம் 1998-இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று, குடிசைப் பகுதிகளில் மார்பகத்தைச் சோதிக்கச் செய்தார்கள். 20 ஆண்டுத் தொடர் கவனிப்புக்குப் பின் 2021-இல் முடிவு வெளியானது: 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்த அளவு பயன் தெரியவில்லை. மேமோகிராம் யந்திரம் இல்லாத ஊருக்கு இது சின்னச் செய்தி அல்ல.

முகாமில் தடவிப் பார்த்த செவிலியர் 'சந்தேகம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, அந்தச் சீட்டுக்காரி ஊசிப் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தாளா, வந்தவள் சிகிச்சையை முடித்தாளா என்பதை ஊர்வாரியாக, பருவவாரியாகப் பார்க்க வேண்டும் என்பது என் அடுத்த ஆசை. நடவு மாதங்களில் சீட்டுகள் தங்கிவிடுகின்றனவா என்று தெரிந்தால் முகாம் தேதியை மாற்றலாம். அதற்கான நோட்டுப் புத்தகங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் இரும்பு அலமாரிகளில் இருக்கின்றன.